காட்டை வெட்டிய காலம்

"இதோட மிச்சம் எங்க நானா?"

கடைக்கு வெளியே வெயிலில் நின்றபடி அந்தப் பெண் கேட்டாள். அவள் கையில் கசங்கிய காகிதம் ஒன்று. கொத்தமல்லி மடித்துக் கொடுத்த காகிதம் அது. மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பொட்டும் படிந்திருந்தது.

ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த காதர் நானாவின் மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்த நேரம். கருவாட்டு வாடையும் சாக்கு வாடையும் கலந்து கிடந்த அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து, வழக்கம் போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

"மிச்சமா? மல்லி குறைஞ்சிருக்கா?" என்று எழுந்தார் நானா.

"மல்லி சரியாத்தான் இருக்கு. கதையைக் கேக்கறேன். ராசா கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டாரு. வெளிய பறங்கிப் படை நிக்குது. அதுக்கப்புறம் காயிதம் கிழிஞ்சிருக்கு. அவரு வெளிய வந்தாரா இல்லையா?"

நாங்கள் சிரித்தோம். மூன்று பேருமே சிரித்தோம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற ஒரு பெண், மல்லிக் காகிதத்தில் சரித்திரம் படிக்கிறாளாம். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. எழுதாமல் விடுவதும் நியாயமில்லை.

அவள் பெயர் அஞ்சலை. சென்ற வாரம் இந்தப் பகுதியில், நான் டிரெசராக, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவனாக, இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருந்தேனே, அதே தோட்டம்தான். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், அது ஒன்றுதான் அப்படி என்று மற்றத் தோட்டங்கள் தப்பித்துக்கொள்ளும்.

மூன்று பேர், மூன்று காலம்

சண்டை எதைப் பற்றி என்று சொல்ல வேண்டும். தமிழர் வாழ்ந்த காலங்களிலேயே சிறந்த காலம் எது? இது ஒன்றுதான் எங்கள் சண்டை. ஏறக்குறைய மூன்று வருடம், வாரம் தவறாமல் நடந்தது.

நான் தஞ்சாவூர்க்காரன். எனக்குச் சோழர் காலம். அந்தக் காலத்துக் கப்பல்கள் கடல் தாண்டி வந்து கடாரத்தை வென்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தால், நானே பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவன் மாதிரிப் பேசுவேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடாரம் வென்றவர்களின் வழிவந்த நான், தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பேன். தோட்டத்தில் அதுதான் முறை. கார் கிளப்பிய செம்மண் தூசி அடங்கிய பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாய்மரம், திங்கட்கிழமை தூசி. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ரயில்வே கிளார்க் நல்லதம்பி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, மடித்து வைத்த குடை. அவருக்கு நல்லூர் ராஜாக்களின் காலம்.

"உம்மட சோழர் எங்கட தீவுக்கு வந்து கொள்ளையடிச்சவை. அதைப் பெருமை எண்டு சொல்லுறீரே, வெக்கமாயில்லையோ?" என்பார்.

காதர் நானா நாகப்பட்டினத்துப் பக்கம். பறங்கிக்காரன் வருவதற்கு முந்திய கடல் வாணிபக் காலம் அவருடையது. குதிரை ஏறி இறங்கிய துறைமுகங்கள், முத்துக் குளித்த கரைகள், மலாக்காவில் சட்டமாகக் கடை போட்டிருந்த தமிழ் வியாபாரிகள்.

"நீங்க ரெண்டு பேரும் தரையில வெட்டிக்கிட்டுக் கெடங்க லா. கடல் எங்களுது" என்று முடித்துவிடுவார்.

நானாவிடம் ஒரு பழைய புத்தகம் இருந்தது. தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதியது. எங்களால் ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாது. அவர் வலமிருந்து இடமாக விரலை ஓட்டிப் படிக்க, காதுக்கு நல்ல தமிழ் வந்து விழும். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அதை எடுத்துக்கொள்வார். அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பார். நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

புத்தகங்கள் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரும். ஊர்ப் பத்திரிகைகள் வந்துசேர ஒன்றரை மாதமாகும். சில சமயம் வெல்லப் பெட்டியோடு வந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் படித்துத் தீர்த்த பத்திரிகைகள்தான் நானா கடையில் மல்லிக்கும் மிளகாய்க்கும் மடிப்புக் காகிதமாகப் போகும்.

ஆக, அஞ்சலை எங்கள் மிச்சத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக.

ஒரு கேள்வி

எழுத்து எப்படித் தெரியும் என்று நானா கேட்டார். அவளுடைய சித்தப்பா தோட்டத்துக் கோயிலில் பஜனைப் புத்தகம் படிப்பாராம். புத்தகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் வேலை. அவர் விரல் வைத்த இடத்தையும் வாயிலிருந்து வந்த சத்தத்தையும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். ஏதோ காட்டில் கீரை பறித்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்புறம் ஞாயிறுதோறும் வந்தாள். முதல் இரண்டு வாரம் வெளியே நின்றே கேட்டாள். மூன்றாம் வாரம் நானா ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்து வாசலோரம் போட்டார். அதில் உட்கார்ந்தாள்.

வாய் திறந்தால் கேள்வி. படை ஆயிரக்கணக்கில் போனதே, அவர்களுக்குச் சோறு யார் ஆக்கினார்கள்? கப்பலில் துடுப்புப் போட்டவன் செத்தால் என்ன செய்தார்கள்? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் நல்லதம்பி கொஞ்சம் கிண்டலாகவே கேட்டார். "பிள்ளை, எங்கள் மூண்டு பேருக்கும் ஒவ்வொரு காலம் இருக்கு. உமக்கு எந்தக் காலம் விருப்பம்?"

அவள் யோசிக்கவே இல்லை. "இந்தக் காட்டை வெட்டுன காலம் ஐயா."

"எந்தக் காட்டை?"

"இந்தா, நம்ம தோட்டம். மொத மொத காட்டை வெட்டிக் கித்தா மரம் நட்ட காலம். எங்கப்பா, எங்கண்ணன் எல்லாம் அப்பத்தான் செத்தாங்களாம். நான் கைப்பிள்ளை. ஆத்தா அதுக்கு முந்தியே போயிடுச்சு. சின்னம்மாதான் வளத்துச்சு. அதைக் கேட்டா, 'அப்ப காய்ச்சல் வந்துச்சு, சனம் செத்துச்சு'ன்னு மட்டும் சொல்லும். அந்தக் காலத்தைப் பத்தி எதுல எழுதியிருக்கு?"

"அது சரித்திரமில்லைப் பிள்ளை" என்றார் நல்லதம்பி, கொஞ்சம் தணிந்த குரலில்.

"ஏன் ஐயா?"

நானா எழுந்து போய், மூடியிருந்த அரிசி டின்னைத் திறந்து மறுபடி மூடினார்.

தாடை எலும்பு

ரப்பர் விலை சரியத் தொடங்கியிருந்த நேரம். ஆட்களுக்கு வேலை நாளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் துரைக்கு டென்னிஸ் ஆட ஒரு பாடாங் வேண்டியிருந்தது. விளையாட்டுத் திடலை இங்கே எல்லாரும் பாடாங் என்றுதான் சொல்வோம்.

ஓடைக்கு அப்பால் மரம் நடாமல் விட்டிருந்த ஒரு மேடு. லாலான் புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருக்கும். அதைச் சீர்படுத்தச் சொன்னார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். அஞ்சலையும் சுமந்தாள்.

இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துரை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய கிராணி. தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், துரைக்கு நாக்கும் காதும் அவர்தான். காலடியில் வெட்டிப்போட்ட மண்ணில் எலும்புகள்.

"டிரெசர், பாத்துச் சொல்லுங்க. பன்னி எலும்புதான?" என்றார் கிராணி.

குனிந்து ஒன்றை எடுத்தேன். தாடை எலும்பு. மண்ணைத் துடைத்ததும் பற்கள் தெரிந்தன. மனிதத் தாடை. சின்னது, கடைவாய்ப் பல் முளைத்து முடியவில்லை. ஆறு ஏழு வயதுக் குழந்தையுடையது. அதைச் சொல்வதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எனக்கிருந்த படிப்பே தாராளம்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நாள் மண்ணுல கெடந்திருக்கு சார். என்னன்னு சொல்ல முடியாது" என்றேன்.

கிராணி தலையாட்டினார். "வெட்டுங்கடா!"

நிமிர்ந்தபோது, கூடையைத் தலையில் வைத்தபடி அஞ்சலை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் பெட்டியில் உட்காரவில்லை.

"டிரெசர் ஐயா, ஆயிரம் வருசத்துக்கு முந்தி எந்த ராசா எந்தப் பக்கம் கப்பல் விட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியும். கையில எடுத்துப் பாத்தது மனுசனா பன்னியான்னு தெரியாதா?"

நல்லதம்பியும் நானாவும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததை நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன். முழுவதும் சொன்னேன், அது குழந்தை என்பது உட்பட.

"அலமாக்!" என்றார் நானா. அஞ்சலை கண் கலங்கவில்லை. "அப்ப அது மனுசங்கதான்னு வாயால சொல்லிட்டீங்க. இது போதும்" என்றாள். போதாது என்பது எனக்குத் தெரிந்தது.

பெயர் தெரியாது

ஆஸ்பத்திரிப் பரணில் பழைய பதிவேடுகள் கயிறு கட்டிக் கிடந்தன. நான் வேலையில் சேர்ந்த நாளாக அவற்றை அவிழ்த்துப் பார்த்ததில்லை. சோழர் கல்வெட்டுக்காகத் தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதியவன், என் தலைக்கு மேலே இருந்ததைப் பார்க்கவில்லை. என்ன ஆர்வம், என்ன ஆராய்ச்சி!

அந்த வாரம் அவிழ்த்தேன். ஓரமெல்லாம் கரையான். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு டிரெசர், பொறுமையான கையெழுத்தில், இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார். பெயர், வயது, நோய், கடைசியில் புதைத்த இடம். பக்கம் பக்கமாக ஒரே இடம். ஓடைக்கு அப்பால்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். அரிசி மூட்டை மேல் வைத்துப் பிரித்தோம். நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

"மாரிமுத்து. வயது இருபத்தெட்டு. காய்ச்சல். ஓடைக்கு அப்பால்."

"இருங்க" என்றாள் அஞ்சலை. "எங்கப்பனுக்கு இருபத்தெட்டா? நல்லாப் பாருங்க."

"இருபத்தெட்டுதான்."

"நான் அவரைக் கெழவராவே நெனச்சிட்டு இருந்தேன் ஐயா. அப்பான்னா வயசானவரு இல்லையா? இப்ப எனக்கும் அவருக்கும் நாலு வயசுதான் வித்தியாசம்."

இரண்டு வரி கீழே அவள் அண்ணன். பெரியசாமி, வயது ஆறு. முந்திய வாரம் என் கையில் இருந்தது யாருடைய தாடை என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே கிடந்த குழந்தைகள் பல. இருந்தாலும் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நான்கு ஞாயிறு எடுத்துப் படியெடுத்தோம். அழகான கையெழுத்து நல்லதம்பியுடையது, அதனால் எழுதியது அவர். நல்லூரும் கடாரமும் மலாக்காவும் அந்த நான்கு வாரம் எங்கள் வாயில் வரவில்லை.

சில பக்கங்களில் பெயரே இல்லை. 'தமிழ்க் கூலி, ஆண், பெயர் தெரியாது.' 'தமிழ்க் கூலி, பெண், பெயர் தெரியாது.' வரிசையாக அப்படியே போனது. நல்லதம்பி பேனாவை வைத்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"கப்பலில ஏத்தேக்க தெரிஞ்ச பெயர், புதைக்கேக்க மட்டும் தெரியாமப் போச்சுதோ?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக் கம்பெனி, தன் வரலாறு என்று வழவழப்பான தாளில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்தது. ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். முதல் துரையின் படம் இருந்தது. அவர் காலடியில் ஒரு நாய். படத்துக்குக் கீழே துரையின் பெயரும் நாயின் பெயரும் போட்டிருந்தார்கள். காடு எப்படி அழிந்தது என்பதற்கு ஒரே வரி. 'நிலம் சீர்படுத்தப்பட்டது.' யார் சீர்படுத்தினார்கள்? தானாகச் சீர்பட்டதா? நாய்க்கு இருந்த பெயர் மாரிமுத்துவுக்கு இல்லையா? அந்தப் புத்தகத்தை மூடி நண்பரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மொழிபெயர்ப்பு

நல்லதம்பி ஒரு மனு எழுதினார். தோட்டங்களைப் பார்வையிட வரும் அரசாங்கத்து துரைக்கு. மரியாதையான இங்கிலீஷ். மேட்டில் மனிதர்களைப் புதைத்திருக்கிறது, அதன் மேல் விளையாட்டுத் திடல் வேண்டாம், வேலி போட்டுத் தாருங்கள், அவ்வளவுதான். அடியில் அஞ்சலை தமிழில் கையெழுத்திட்டாள். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் இடவில்லை. வேலையும் வியாபாரமும் போய்விடும் என்று பயம். பெண்ணை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் நின்றோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

அரசாங்கத்து துரை, மனுவுக்கு விளக்கம் கேட்டுத் தோட்டத்து துரைக்கே எழுதினார். அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு நான் திரும்பியபோது, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. படியெடுத்து முடித்து நான் திரும்ப வைத்திருந்த பதிவேடும் போய், பரண் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"கரையான் பிடிச்ச குப்பை" என்றார் பெரிய கிராணி. "ஆஸ்பத்திரி சுத்தமா இருக்கணும்னு நீங்கதான எப்பவும் சொல்வீங்க?"

இரண்டு வாரத்தில் அரசாங்கத்து துரை வந்தார். பிற்பகல். ஆபீசுக்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் கொட்டகையின் தகரம் படபடவென்று சத்தம் போட்டது. குறை ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்க, கிராணி தமிழில் சொன்னார். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அஞ்சலை முன்னால் வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தொரைங்களே, ஓடைக்கு அந்தாண்ட எங்க சனத்தைப் பொதைச்சிருக்கு. எங்கப்பா அங்க இருக்காரு. அது மேல பந்தடிக்க வேணாம்னு சொல்லுங்க."

கிராணி இங்கிலீஷில் திருப்பினார். கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்கிறாள், சார்.

அரசாங்கத்து துரை புன்சிரிப்புடன் தலையாட்டினார். அதை மானேஜரிடம் கேட்கலாமே என்றார்.

நான் இரண்டு கெஜ தூரத்தில் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அந்தக் கூட்டத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள், கிராணியைத் தவிர நான் ஒருவன்தான். பேசவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. சாவைப் பற்றிச் சொன்னால் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். அவள் இன்னும் ஓரடி முன்னால் வந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"மாரிமுத்து, இருபத்தெட்டு, காய்ச்சல், ஓடைக்கு அப்பால். பெரியசாமி, ஆறு, காய்ச்சல், ஓடைக்கு அப்பால். செங்கேணி, பத்தொன்பது, வயித்துப்போக்கு, ஓடைக்கு அப்பால்…"

எப்போது மனப்பாடம் செய்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. வரிசை பிசகாமல் வந்துகொண்டே இருந்தது.

"பைத்தியம் சார், ஏதோ மந்திரம் சொல்லுது" என்றார் கிராணி. ஆட்களை மேய்க்கும் தண்டலைப் பார்த்து அவளை இழுத்துப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"…முனியம்மா, இருபது, பிரசவம், ஓடைக்கு அப்பால்…"

"ஏ! அது எம் பொண்டாட்டி!"

கூட்டத்திலிருந்து கத்தியவர் புல்வெட்டுகிற சடையன். ஐம்பதைத் தாண்டியவர், எதற்கும் வாய் திறக்காத மனிதர். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தார். "அது எம் பொண்டாட்டிங்க" என்று இன்னொரு முறை சொன்னார். தண்டல் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அரசாங்கத்து துரையின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?"

"பெயர்கள், சார்" என்றேன். "இறந்தவர்களின் பெயர்கள். என் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்தவை. பதிவேட்டை எரித்துவிட்டார்கள். படி ஒன்று ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிறது. மேட்டில் எடுத்தது பன்றி எலும்பு இல்லை, சார். நான் பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னது பொய்."

இதைத் தைரியம் என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். தைரியம் எனக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்ட பிறகு பதில் சொன்னவன் நான்.

வேலி

அரசாங்கத்து துரை மேட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பாடாங்கை மேல்பக்கம் மாற்றிக்கொண்டார்கள். ஓடைக்கு அப்பால் நான்கு மூலையிலும் கட்டை நட்டுக் கம்பி இழுத்தார்கள். வெளியே எடுத்துப் போட்டிருந்த எலும்புகளைச் சடையனும் இன்னும் சிலரும் திரும்பப் புதைத்தார்கள். ஒரு வார்த்தை வருத்தம் யாரும் தெரிவிக்கவில்லை. எரித்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் எனக்குச் சீட்டுக் கிழிந்தது. நானா தன் கடை மாடியில் ஓர் அறை கொடுத்தார். "பேசாம இருந்திருந்தா நீங்க இங்க வந்து படுத்திருக்கவே முடியாது. நான் விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அப்புறம் விலை மேலும் விழுந்தது. ஆட்குறைப்பு. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் பட்டியல்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் வந்தன. எங்கள் தோட்டத்துப் பட்டியலில் முதல் பெயர் அஞ்சலை. இரண்டாவது அவள் சின்னம்மா. மூன்றாவது சடையன். தற்செயல் என்றார்கள்.

திருப்பி அனுப்புகிறார்களாம்! எங்கே திருப்பி? அவள் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். கப்பலை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு ஒருத்தியை ஏற்றி அனுப்பிவிட்டு அதற்குத் திருப்பி அனுப்புதல் என்று பெயர் வைத்தார்கள்.

போய்ச் சேர்ந்து நானா கடை விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். அந்தக் கிராமத்தில் அவளைக் கப்பல்காரி என்று கூப்பிடுகிறார்களாம். சின்னம்மா தவறிவிட்டார். மழையில்லை. நடவுக்குப் போகிறாள். படிக்க ஏதாவது கிடைக்கிறதா என்று எழுதிக் கேட்டோம். பதில் இல்லை. பிறகு எதற்குமே பதில் இல்லை.

அவர்கள் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் தகரப் பெட்டிகளும் துணி மூட்டைகளுமாக முப்பது பேர் இருப்பார்கள். சிங்கப்பூர் போய் அங்கே கப்பல். நானா ஒரு கட்டுப் பத்திரிகையைச் சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். எதுவும் கிழியாதது, வரிசை விடாதது. அஞ்சலை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம், "சாப்பாட்டை விட்டுறாதீங்க டிரெசர் ஐயா, எளைச்சிட்டீங்க" என்றாள்.

தோட்டத்துச் சின்னக் கிராணி ஒருவர் பட்டியலோடு வந்திருந்தார். நல்லதம்பி டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, அதைப் பார்த்துத் தன் ஸ்டேஷன் புத்தகத்தில் ஒவ்வொருவரையும் பதிந்தார். பெயர், வயது, சொந்த ஊர். அவர் கோட்டின் மேல்பொத்தானைக்கூட விதியைப் பார்த்துப் போடுகிற மனிதர். ரயில் ஒரு நிமிடம் பிந்தினாலும் தன்மேல் குற்றம் என்று நினைக்கிறவர்.

"கிளார்க்கையா, எனக்கு ஊருன்னு என்ன போட்டிருக்கு?" என்றாள் அஞ்சலை.

"திருச்சினாப்பள்ளி ஜில்லா."

"நான் அதைப் பாத்ததே இல்லையே."

"அது அவையள் போட்டது, பிள்ளை."

"நீங்க எழுதுறது ஒங்க புத்தகம்தான? அதுல சரியாப் போடுங்க ஐயா."

நல்லதம்பி பேனாவைப் பிடித்தபடி இருந்தார். ஏற்கனவே பாதி எழுதியிருந்தார். அதன்மேல் நேர்கோடாக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதினார். எழுதியதை அவளுக்குத் தெரியும்படி வாய்விட்டுச் சொன்னார்.

"லாயாங் லாயாங், ஜொகூர்."

"லிஸ்ட்ல இருக்கிறதத்தான் எழுதணும் சார்" என்று சின்னக் கிராணி குறுக்கே வந்தார்.

"உம்மட லிஸ்டை நீர் வச்சிரும். இது என்ர புத்தகம்."

அவளுக்குப் பின்னால் ஒருவர், இடுப்பில் குழந்தையோடு நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர். ஜன்னலில் முகத்தை நீட்டினார். "ஐயா, எம் மவனும் இங்க பொறந்தவன்தான். அவனுக்கும் அப்படியே போடுங்க."

"பெயரைச் சொல்லும்" என்றார் நல்லதம்பி.

அதற்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு அண்ணன் தம்பிகள். ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொரு கோடாக இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வண்டி வந்து நின்றது. கார்டு கொடியோடு இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். நல்லதம்பி தலை நிமிரவில்லை. கார்டு ஊதினார். இன்னொரு முறை ஊதினார்.

அன்றைக்கு லாயாங் லாயாங்கிலிருந்து தெற்கே போன வண்டி, கடைசிப் பெயரை எழுதி மை ஒற்றும்வரை நின்றது.